ஜோ போப்பின் கரகரத்த குரலும் ஒரு டாம்ஸ் தொகுப்பும்

கொஞ்ச நாளாக என் காரில் டாம்ஸ் மட்டும்தான் ஓடுகிறது. 1960-இல் அட்லாண்டாவில் ஒன்றுசேர்ந்த ஐந்து கறுப்பின இளைஞர்களின் பாட்டுக் குழு அது. அறுபதுகளில் அவர்கள் பதிவு செய்த பாட்டுகளை ஒன்றாகத் திரட்டிய தொகுப்பு ஒன்று, ராலேயில் பழைய சிடி விற்கும் கடையில் கிடைத்தது. நான் வட கரோலினாவின் கேரியில் இருக்கிறேன். ஆபீஸ், வீடு, கோயில், தமிழ்ச் சங்கம் என்று நம் வட்டத்துக்குள்ளேயே இருந்துவிட்டால் இந்த மாநிலத்தின் சொந்த இசை காதில் விழாமலேயே பல வருஷம் ஓடிவிடும், அப்படி விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன், ஏனென்றால் இந்தத் தொகுப்பு அவ்வளவு நன்றாக இருக்கிறது.

டாம்ஸ் பாட்டுகளை இங்கே பீச் மியூசிக் என்பார்கள். பீச் மியூசிக் என்றதும் கலிபோர்னியா, அலைச்சறுக்குப் பலகை, எலெக்ட்ரிக் கிட்டார் என்று நினைக்க வேண்டாம். கரோலினாக்காரர்கள் அந்தப் பெயரில் சொல்வது வேறு ஒன்றை. நாற்பதுகளின் கடைசியிலிருந்து வட, தென் கரோலினாவின் கடற்கரை ஊர்களில், வெள்ளைக்கார இளைஞர்கள் கோடை விடுமுறைக்கு வந்து ஆடிய, கறுப்பினப் பாடகர்களின் ரிதம் அண்ட் ப்ளூஸும் அதன் பின்னால் வந்த சோல் இசையும்தான் அது. அந்தப் பாட்டுகளில் பெரும்பாலும் கடலும் கிடையாது, மணலும் கிடையாது. காதல், ஏமாற்றம், கோபம், குடி, கும்மாளம் இவைதான். உள்ளூர் வெள்ளைக்கார ரேடியோ நிலையங்கள் கறுப்பினப் பாடகர்களைப் போடத் தயங்கிய காலத்தில், வீட்டிலிருந்தும் அப்பா அம்மாவிடமிருந்தும் தள்ளி இருந்த கடற்கரை பெவிலியன்கள் என்கிற ஆட்டக் கூடங்களின் ஜூக்பாக்ஸில் அந்த இசைத்தட்டுகள் இருந்தன. காசு போட்டால் பாடும், யாரும் தடுக்க மாட்டார்கள். ராத்திரியானால் நாஷ்வில்லின் டபிள்யூஎல்ஏசி நிலையம் 50,000 வாட் சக்தியில் தென் மாநிலங்கள் முழுக்க அதே இசையை அனுப்பிக்கொண்டிருந்தது, தலையணைக்குக் கீழே டிரான்சிஸ்டரை வைத்துக் கேட்டவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

சரி, தொகுப்புக்கு வருவோம். முதல் பாட்டே ‘வாட் கைண்ட் ஆஃப் ஃபூல்’. 1964 பிப்ரவரியில் பில்போர்டின் முதல் நூறு பாட்டுகளில் ஒன்பதாவது இடத்துக்குப் போனது. தேதியைக் கவனியுங்கள், பீட்டில்ஸ் அமெரிக்காவில் வந்து இறங்கிய அதே மாதம். அந்த நேரத்தில் அமெரிக்காவில் வேறு யாருடைய பாட்டும் கேட்கப்பட்டதா என்றுகூட இப்போது படிக்கும்போது தோன்றும், ஆனால் இது கேட்கப்பட்டது, பரவியது, நிலைத்தது. பாட்டில் வருபவன் ஏமாற்றப்பட்டவன். என்னை எப்படிப்பட்ட முட்டாள் என்று நினைத்தாய் என்று காதலியைக் கேட்கிறான். விஷயம் இவ்வளவு கசப்பாக இருந்தாலும் தாளம் மட்டும் துள்ளிக்கொண்டே போகும், பின்னால் மற்ற நால்வரின் குரலும் சேர்ந்து ஏறும்போது உட்கார்ந்து கேட்க முடியாது.

முன்னணிப் பாடகர் ஜோ போப்பின் குரல்தான் இந்தக் குழுவின் உயிர். அழகான குரல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கரகரப்பு, தொண்டையை உரசிக்கொண்டு வருகிற சத்தம், சுருதியை விட்டு விலகாமல் ஆனால் அதன் ஓரத்தில் நின்று பாடுகிற ஒரு முரட்டுத்தனம். அந்தக் காலத்தில் டெட்ராய்ட்டின் மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பெனி வழவழப்பான குரல்களை வைத்து அமெரிக்கா முழுக்க ஜெயித்துக்கொண்டிருந்தது. டாம்ஸ் அந்த வழியில் போகவில்லை. ஜோவின் குரல் சர்ச்சிலிருந்து நேராக வந்த குரல் மாதிரி இருக்கும், பாட்டு என்னவோ சின்னப் பையன் பெண்ணோடு சண்டை போடுகிற பாட்டாகத்தான் இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் நான் மாட்டிக்கொண்டேன். குழுவில் ஜோவின் தம்பி சார்ல்ஸ் போப் இருந்தார், ராபர்ட் லீ ஸ்மித், ஹோரஸ் கீ, ஃப்ளாய்ட் ஆஷ்டன் இருந்தார்கள், பின்னால் ஆஷ்டனுக்குப் பதில் ஆல்பர்ட் காட்டில் வந்தார். மேடையில் போட ஒரே மாதிரி கோட்டு சூட்டு தைக்கக் காசில்லை என்று ஸ்காட்லாந்து பாணித் தொப்பிகளை வாங்கி மாட்டிக்கொண்டார்கள். டாம்-ஓ-ஷான்டர் என்கிற அந்தத் தொப்பியிலிருந்துதான் குழுவுக்குப் பெயர். தொகுப்பின் அட்டையிலும் அந்தத் தொப்பிதான்.

‘வாட் கைண்ட் ஆஃப் ஃபூல்’ எங்கே பதிவானது என்பது எனக்குப் பெரிய விஷயம். அலபாமாவில் மஸில் ஷோல்ஸ் என்கிற சின்ன ஊரில், ரிக் ஹால் நடத்திய ஃபேம் ஸ்டூடியோவில். அரீதா ஃபிராங்க்ளினும் வில்சன் பிக்கெட்டும் அங்கே வந்து பாடி ஊரை உலகறியச் செய்தது அறுபதுகளின் பின்பாதியில்தான். அதற்கு முன்பே டாம்ஸ் அங்கே போய்விட்டார்கள். அட்லாண்டாவில் பில் லோவரி என்று ஒரு பாட்டுப் பதிப்பாளர், ஜோ சவுத், டாமி ரோ, ரே விட்லி என்று இளம் வெள்ளைக்காரப் பாட்டுக்காரர்களைச் சேர்த்து வைத்திருந்தார், அவர்தான் இவர்களை ரிக் ஹாலிடம் அனுப்பினார். பாட்டை எழுதியவர் ரே விட்லி. அன்றைய ஃபேம் வாத்தியக்காரர்கள் பேஸ் கிட்டார் நார்பர்ட் புட்னம், பியானோ டேவிட் பிரிக்ஸ், டிரம்ஸ் ஜெரி கேரிகன், மூவருமே வெள்ளைக்காரர்கள், சின்ன வயசு. இனப்பிரிவினையைத் தூக்கிப்பிடித்த ஜார்ஜ் வாலஸ் கவர்னராக இருந்த அலபாமாவில், பள்ளிக்கூடத்தில் ஒன்றாக உட்கார விடாத ஊர்களுக்கு நடுவில், ஒரு அறைக்குள் இவர்களும் டாம்ஸும் சேர்ந்து வேலை பார்த்தார்கள். 1964 பிப்ரவரி 11 அன்று வாஷிங்டனில் பீட்டில்ஸ் அமெரிக்காவில் செய்த முதல் கச்சேரியில், அவர்களுக்கு முன்னால் பாடிய டாமி ரோவுக்கு வாசித்தது இதே மூவர்தான். டாம்ஸின் பாட்டு அப்போது ரேடியோவில் ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் இந்தத் தொகுப்பில் ஒன்றே ஒன்றை வைத்துக்கொள் என்றால் நான் ‘அன்டை மி’யைத்தான் வைத்துக்கொள்வேன். 1962, ஆர்லன் என்கிற சின்ன கம்பெனி வெளியிட்டது. ஜோ சவுத் எழுதியது, ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் பன்னிரண்டாம் இடம் வரை போனது. இதற்கு ஆட முடியாது, அவ்வளவு மெதுவாகப் போகும். நீ என்னைக் காதலிக்கவில்லை என்றால் கட்டை அவிழ்த்துவிடு, நான் போகிறேன் என்று ஒருவன் கெஞ்சுகிறான், அவ்வளவுதான் பாட்டு. ஜோ போப் இங்கே அடக்கிப் பாடுகிறார், அடக்க முடியாத இடத்தில் குரல் உடைகிறது. அந்த உடைவை ஒலிப்பதிவில் சரிசெய்யாமல் விட்டது எவ்வளவு நல்ல முடிவு! பின்னால் வந்த துள்ளல் பாட்டுகளைப் புரிந்துகொள்ள இதுதான் சாவி என்று எனக்குத் தோன்றுகிறது. அவற்றிலும் இதே மனுஷன்தான் பாடுகிறார், வலியும் இதேதான், தாளம் மட்டும் மாறியிருக்கிறது.

தொகுப்பில் இதை ஒன்பதாவதோ பத்தாவதோ வைத்திருக்கிறார்கள், இரண்டு வேகமான பாட்டுகளுக்கு நடுவில். ஹிட்டானதை முன்னால் போட்டு மற்றதைப் பின்னால் தள்ளுகிற வழக்கம் எனக்குப் பிடிக்கவே இல்லை. வருஷ வரிசையில் கேட்டால்தான் ஒரு குழு எப்படி வளர்ந்தது, எதை விட்டது, எதைப் பிடித்துக்கொண்டது என்பது தெரியும். நான் போனில் ஏற்றி வருஷ வரிசையில் மாற்றி வைத்துக்கொண்டேன், அதற்கப்புறம் இது வேறு ஆல்பமாகவே ஆகிவிட்டது.

அடுத்து ‘ஹே கேர்ள் டோன்ட் பாதர் மி’. இதுவும் ரே விட்லி எழுதியதுதான். பல பேர் மனசை உடைத்தவள் என்று பெயரெடுத்த பெண்ணிடம், அம்மா தாயே என்னை விட்டுவிடு என்று ஒருவன் சொல்கிற பாட்டு. 1964 கோடையில் அமெரிக்காவில் 41-வது இடத்தோடு நின்றுவிட்டது. அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் இங்கிலாந்தின் வடக்கே தொழிற்சாலை ஊர்களில், பழைய அமெரிக்க சோல் இசைத்தட்டுகளைத் தேடிப்பிடித்து ராத்திரி முழுக்க ஆடுகிற இளைஞர்கள் இருந்தார்கள், நார்தர்ன் சோல் என்று அதைச் சொல்வார்கள். அவர்கள் கிளப்புகளில் இந்தப் பாட்டு திரும்ப உயிர் பெற்று, மறுபடி வெளியிடப்பட்டு, 1971 செப்டம்பரில் பிரிட்டனில் முதலிடத்தைப் பிடித்து மூன்று வாரம் அங்கேயே இருந்தது. பதிவாகி ஏழு வருஷம் கழித்து! டாம்ஸ் லண்டனுக்குப் போய் டிவியில் பாடினார்கள். மான்செஸ்டர் பக்கத்து மில் தொழிலாளியும் தென் கரோலினாவின் மிர்டில் பீச்சில் விடுமுறைக்கு வந்த கல்லூரிப் பையனும் ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே குழுவைக் கொண்டாடியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1964 ஜூலை 2 அன்றுதான் பொது இடங்களில் இனப்பிரிவினையைத் தடை செய்த குடிமை உரிமைகள் சட்டம் கையெழுத்தானது. அதற்கு முன்னால், கரோலினாவின் பெரும்பாலான கடற்கரைகளில் கறுப்பின மக்கள் கால் வைக்க முடியாது. அவர்களுக்கென்று தனியாகச் சில இடங்கள் இருந்தன, வட கரோலினாவில் சீ பிரீஸ், தென் கரோலினாவில் அட்லான்டிக் பீச். 1934-இல் ஜார்ஜ் டைசன் என்கிற கறுப்பின வியாபாரி நிலம் வாங்கி ஆரம்பித்த ஊர் அட்லான்டிக் பீச், கறுப்பு முத்து என்று அதற்குப் பட்டப்பெயர். பக்கத்து வெள்ளைக்காரக் கடற்கரைகளுக்கும் அதற்கும் நடுவில் வேலி இருந்தது. தாங்கள் பாடிய பாட்டு ஜூக்பாக்ஸில் ஒலிக்கிற பெவிலியனுக்குள் போய் அதைக் கேட்க அந்தப் பாடகர்களுக்கு உரிமை இல்லை. கச்சேரிக்குக் கூப்பிட்டால் மேடை வரைக்கும்தான், ராத்திரி தங்க வேறு இடம் பார்க்க வேண்டும்.

மிர்டில் பீச்சில் கார்வர் தெருவில் சார்லி ஃபிட்ஸ்ஜெரால்ட் என்கிற கறுப்பினத்தவர் நடத்திய கிளப் இருந்தது. சார்லிஸ் பிளேஸ் என்பார்கள். டியூக் எலிங்டன், கவுண்ட் பேஸி, பில்லி ஹாலிடே மாதிரி பெரிய ஜாஸ் கலைஞர்கள் எல்லாம் வந்து போன இடம். வெள்ளைக்காரப் பையன்களும் பெண்களும் அங்கே போய்ப் பார்த்து, கற்று, சேர்ந்தும் ஆடினார்கள். அது பொறுக்கவில்லை. 1950 ஆகஸ்ட் 26 ராத்திரி கூ க்ளக்ஸ் க்ளான் என்கிற வெள்ளை இனவெறிக் கூட்டத்தினர் வரிசையாகக் காரில் வந்து கிளப்பை உடைத்து, நூற்றுக்கணக்கான குண்டுகளைச் சுட்டு, சார்லியைக் கடத்திக்கொண்டு போய் அடித்துக் காதை அறுத்துவிட்டார்கள். அந்த ராத்திரி குண்டுபட்டுச் செத்தவன் க்ளான் கூட்டத்தில் வந்த ஒருவன்தான், அங்கியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே போலீஸ் சீருடை. யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. இன்றைக்கு அந்தத் தெருவில் பழைய மோட்டல் அறைகளைப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள், போய்ப் பார்க்கலாம். பார்க்க வேண்டும் என்பேன். கடற்கரைக்குப் போகிற நம்மவர்கள் ராட்டினம், கடைகள், நண்டு சாப்பாடு என்று திரும்பிவிடுகிறோம், அந்தத் தெரு கொஞ்ச தூரத்தில்தான் இருக்கிறது.

அந்தக் கிளப் மாதிரி இடங்களிலிருந்து வந்ததுதான் ஷாக் (Shag) என்கிற நடனம், இந்த இசையையும் அதையும் பிரிக்க முடியாது. இருவர் கைகோத்து ஆடுவது. ஆறு தாளத்துக்கு எட்டு அடி, ஒன்று-இரண்டு மூன்று-நான்கு என்று வேகமாக எடுத்து ஐந்து ஆறில் நிதானிக்கும். இடுப்புக்கு மேலே ஒன்றும் பெரிதாக நடக்காது, எல்லாம் முழங்காலுக்குக் கீழேதான், கால் தரையை விட்டு எழும்பாமல் வழுக்கிக்கொண்டே போகும், அலட்டிக்கொள்ளாமல் ஆட வேண்டும் என்பதுதான் அழகு. 1984-இல் தென் கரோலினா அதைத் தன் அதிகாரபூர்வ மாநில நடனமாக அறிவித்தது. நார்த் மிர்டில் பீச்சின் ஓஷன் டிரைவ் பகுதியில் இப்போதும் வயதானவர்கள் சாயந்திரத்தில் வந்து ஆடுகிறார்கள். நான் போனபோது எழுபதைத் தாண்டிய தம்பதி ஒன்று டாம்ஸ் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் பாட்டின் ஒவ்வொரு வரியையும் வாயசைத்துக்கொண்டே ஆடினார், அவர் முகத்தில் சிரிப்பு இல்லை, கவனம் இருந்தது. இந்தப் பாட்டுகளை வெறும் ஜாலி என்று நினைப்பவர்கள் அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

‘பி யங், பி ஃபூலிஷ், பி ஹேப்பி’ பற்றி இப்போதுதான் பேச முடியும். 1968-இல் வந்தது, ரே விட்லியும் ஜே. ஆர். காபும் சேர்ந்து எழுதியது, இளமையாக இரு, அசட்டுத்தனமாக இரு, சந்தோஷமாக இரு என்று தலைப்பிலேயே எல்லாம் சொல்லிவிடுகிற பாட்டு. பட்டியலில் 61-வது இடம்தான். ஆனால் கரோலினாவில் இதைத் தெரியாதவர்கள் குறைவு, கல்யாண வரவேற்பு என்றால் இந்தப் பாட்டு இல்லாமல் முடியாது. முதலில் கேட்டபோது எனக்கு இது லேசான பாட்டாகத்தான் பட்டது. ‘அன்டை மி’, ‘வாட் கைண்ட் ஆஃப் ஃபூல்’, ‘ஹே கேர்ள்’ என்று வரிசையாக வந்து இதைக் கேட்டால் அப்படிப் படவில்லை. எட்டு வருஷமாகச் சாலையில் அலைந்து, பாடின ஊரில் தங்க இடம் தேடி அலைந்த மனிதர்கள் 1968-இல், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட அந்த வருஷத்தில், கிங்கின் சொந்த ஊரான அட்லாண்டாவிலிருந்து வந்து சந்தோஷமாக இரு என்கிறார்கள். அனுபவமில்லாதவன் சொல்கிற வார்த்தை இல்லை அது. ஜோ போப்பின் தொண்டையில் அந்தக் கரகரப்பு இல்லாவிட்டால் இந்தப் பாட்டு வெறும் விளம்பரப் பாட்டாகப் போயிருக்கும்.

இதை ஒப்பிட்டுப் பார்க்க நல்ல வழி ஒன்று இருக்கிறது. வர்ஜீனியா பீச்சிலிருந்து வந்த பில் டீல் அண்ட் த ராண்டெல்ஸ் என்கிற வெள்ளைக்காரக் குழு, டாம்ஸின் ‘வாட் கைண்ட் ஆஃப் ஃபூல்’ பாட்டை 1969-இல் எடுத்துப் பாடி 23-வது இடம் வரை கொண்டுபோனது. டிரம்பெட், சாக்ஸபோன் எல்லாம் வைத்து, வேகத்தைக் கூட்டி, பளபளவென்று இருக்கும். நல்ல வாசிப்பு, குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆடுவதற்கு ஒருவேளை அதுதான் சுலபமாகவும் இருக்கும். ஆனால் பாட்டில் வருபவன் ஏமாந்தவன் என்பதே அதில் மறந்துபோகிறது. டாம்ஸ் பதிவில் அது மறக்காது.

இனி வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டாம்ஸ் பெயரில் ஏகப்பட்ட தொகுப்புகள் சுற்றுகின்றன, பலவற்றில் இருப்பது மூலப் பதிவு கிடையாது. இந்தத் தலைமுறைக் குழுக்கள் பலவும், பழைய பதிவுகளின் உரிமை கம்பெனியிடம் இருந்ததால், பின்னால் அதே பாட்டுகளை மறுபடி பாடி வேறு கம்பெனிக்குக் கொடுத்தார்கள். அவர்கள் வயிற்றுப்பாட்டுக்கு அது தேவைப்பட்டது, அதில் தவறில்லை, ஆனால் கேட்கிற நமக்குத் தெரிய வேண்டும். அட்டையின் பின்பக்கம் மறுபதிவு என்று பொடி எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் காதை நம்புங்கள்: டிரம்ஸ் தட்டையாகவும் ஒரே சீராகவும் கேட்டால், பின்னால் சிந்தசைசர் இழுத்தால், அது பிற்காலத்தது. அறுபதுகளின் பதிவில் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், அறையின் காற்று கேட்கும். கூடவே ஆர்லனுக்குப் பிறகு இவர்கள் பாட்டுகளை வெளியிட்ட ஏபிசி பாரமவுண்ட் கம்பெனியின் பெயரும் பதிவான வருஷமும் அச்சாகியிருந்தால் தைரியமாக வாங்கலாம்.

என் தொகுப்பின் கடைசியில் 1987-இன் ஷாக் பாட்டையும் சேர்த்திருக்கிறார்கள். கரோலினா நடனத்தைப் பற்றிய அப்பாவிப் பாட்டு, பிரிட்டனில் அந்தச் சொல்லுக்குக் கெட்ட அர்த்தம் இருப்பதால் பிபிசி போட மறுத்தது, அப்படியும் 21-வது இடம் வரை போனது. கதை நன்றாக இருக்கிறது, பாட்டு எனக்கு ஒட்டவில்லை. எண்பதுகளின் மெஷின் தாளத்தில் ஜோவின் குரலுக்கு இடமே கிடைக்கவில்லை. நான் அதைத் தாண்டிவிடுகிறேன்.

ஜோ போப் 1996-இல் காலமானார், சார்ல்ஸ் 2013-இல். கல்லூரி விழாக்கள், கடற்கரை மேடைகள், பழைய மாணவர்கள் சந்திப்பு என்று கடைசி வரை பாடிக்கொண்டே இருந்தவர்கள். குழு அவர்களோடு நிற்கவில்லை, அடுத்த தலைமுறை அதே பெயரில் தொப்பியோடு மேடையேறுகிறது. கேரி, மோரிஸ்வில், சார்லட் பக்கம் இருக்கிற நம் ஆட்கள் கோடைக்காலப் பூங்காக் கச்சேரி அட்டவணைகளைக் கொஞ்சம் கவனித்தால், பீச் மியூசிக் என்று போட்டிருக்கிற ஒரு சாயந்திரமாவது இருக்கும், நாற்காலியும் பிள்ளைகளுமாகப் போய் உட்காரலாம், பல இடங்களில் டிக்கெட்கூடக் கிடையாது. அதற்கு முன்னால் வீட்டில் ‘அன்டை மி’யை ஒருமுறை கேட்டுவிட்டுப் போங்கள். 1962 பதிவு, மறுபதிவு வேண்டாம்.